நான்கு சொட்டு

கூராக் படகுத்துறைச் சீட்டுக் கூண்டில்
நாங்கள் இருவர், இரவுப் பணி.
நான் சீட்டுக் கிழிப்பேன். மோரக் கில்கிறிஸ்ட் நாவல் எழுதுவாள்,
அச்சுப் பிசகிய சீட்டுச் சுருளின் பின்பக்கத்தில்.
ஆகையால் அவள் அத்தியாயங்கள் எல்லாம்
நான்கு விரல் அகலம், முப்பது அடி நீளம்.

கதை சனிக்கோளுக்குப் பக்கத்தில்.
இரண்டு பேரரசுகள். ஒவ்வொன்றுக்கும்
கொடி உண்டு, கீதம் உண்டு, நாலாயிரம் போர்க்கலம் உண்டு.
நடுவே சுழலும் ஒரு வளையத் துறைமுகம்.
அதன் அடித்தளத்தில், குழாய்களுக்கு இடையில்,
ஒரு பிணம்.

"அவ்வளவு பெரிய வானத்தில் ஒரே ஒரு பிணமா?" என்றேன்.
"அதை மூடத்தான் அவ்வளவு பெரிய வானம்" என்றாள்.

துப்பறிபவள் பெயர் யூலா பெர்சின்.
வேலையிலிருந்து துரத்தப்பட்டவள். இடது காது கேட்காது.
சுழலாத நடு அச்சில் அவள் அறை;
எடையில்லாத இடத்துக்கு வாடகை குறைவு.
காற்றுக்கு மூன்று மாதப் பாக்கி என்பதால்
மூச்சை எண்ணித்தான் கேள்வி கேட்கிறாள்.
குடிக்கவும் செய்கிறாள், ஆனால் கோப்பை இல்லை,
உறிஞ்சுகுழல் வைத்த பை.
உறிஞ்சுகுழலோடு ஒருத்தியைச் சோகமாகக் காட்டுவது
எத்தனை கஷ்டம் என்று மோரக் மூன்று நாள் புலம்பினாள்.

மழைதான் பெரிய சிக்கல்.
இந்த மாதிரிக் கதைக்கு மழை வேண்டும்,
கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு நிற்க ஒரு தெருமுனை வேண்டும்.
இங்கே கிளைடு ஆற்றின் மேல் பதினேழு நாளாக விடாத மழை,
கூண்டுக் கூரையில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறது.
அங்கே ஒரு துளி கிடையாது.
"கொஞ்சம் அள்ளிக்கொண்டு போயேன்" என்றேன். முறைத்தாள்.
மறுநாள் அடித்தளத்தில் ஒரு குளிர்குழாய் கசிந்தது.
யூலா அதன் கீழே போய் நின்றாள்.
நான்கு சொட்டு.
நாவல் முழுவதற்கும் அவ்வளவுதான்.

சாட்சி பூமியில் இருக்கிறான்.
கேள்வி போய்ச்சேர எண்பது நிமிடம், பதில் வர இன்னும் எண்பது.
பொய்யன் எச்சில் விழுங்கும் அந்த ஒரு நொடியை
அத்தனை தூரத்துக்குள் எங்கே போய்த் தேடுவது?
யூலா பதில்களைக் கேட்பதில்லை.
பதிலுக்குப் பின்னால் யாரோ கதவு சாத்தும் ஓசையைக் கேட்கிறாள்,
கேட்கிற காதால்.

அதற்குள் பிணத்துக்கு உரிமை கோரி விட்டார்கள்.
எங்கள் தியாகி என்றது ஒரு பேரரசு.
எங்கள் தியாகி என்றது மற்றது.
போர்க்கலங்கள் விளக்கேற்றின.
யூலா கண்டுபிடித்ததோ இவ்வளவே:
அவன் வால்வு மெக்கானிக். பெயர் பவோ.
பாக்கி கட்டாததால், ராத்திரி இரண்டு மணிக்கு,
கம்பெனி அவன் அறைக் காற்றை மூடியது.
குழாய்களுக்குள் ஊர்ந்துபோய்,
தான் பழுதுபார்த்த வால்வையே திறக்கப் பார்த்திருக்கிறான்.
நன்றாகத்தான் பழுதுபார்த்திருந்தான்.
கொலை செய்தது ஒரு கணக்குப் புத்தகம்.
விலங்கு மாட்ட அதற்குக் கை இல்லை.

செத்தவனின் இடது ஷூவில் கயிறு இரட்டை முடிச்சு.
அந்த வரியில் நின்றுவிட்டேன்.
எங்கள் படகில் வடம் பிடித்த ஃபெர்கஸ் மக்கெல்லர்
அப்படித்தான் கட்டுவான்.
போன பிப்ரவரிக்கு முந்தைய பிப்ரவரி.
விசாரணை அறிக்கை அரைப் பக்கம்: தளம் ஈரமாக இருந்தது.
மோரக் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
நான் எதுவும் கேட்கவில்லை.

எடின்பரோ பதிப்பாளர் கடிதம் போட்டிருக்கிறார்:
கடைசி அத்தியாயத்தில் போர் வேண்டும்,
நாலாயிரமும் எரிய வேண்டும்.

நேற்று முடித்துவிட்டாள்.
யூலா காற்றுக் கம்பெனி ஜன்னலுக்குப் போகிறாள்.
வரிசையில் நிற்கிறாள். முன்னால் பதினொரு பேர்.
பவோவின் பாக்கியைக் கட்டுகிறாள், சில்லறையாக.
குமாஸ்தா தலை நிமிராமல் கேட்கிறான்:
ரசீது யார் பெயருக்கு?
அதோடு சுருள் தீர்ந்துவிட்டது.

"போர்?" என்றேன்.
"அதற்குக் காகிதம் இல்லை."

டுனூன் போன கடைசிப் படகு திரும்பியது.
இறங்கியவர்கள் மூவர், குடை ஒன்று.
புதுப் பையன் வடத்தை எறிந்தான்.
தவறியது.
மழைக்குள் இழுத்துச் சுருட்டி
மறுபடி எறிந்தான்.