பழைய அட்டை

திங்கட்கிழமையிலிருந்து நான் போர்ட்டர் இல்லையாம்.
நோயாளர் நகர்வு உதவியாளர்.
கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.
புதிய அட்டைக்குப் படமெடுக்க நீலச் சட்டையோடு வரவேண்டும்,
பழையதைக் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும்,
படத்தில் சிரிக்கக் கூடாது.

நகர்வா, நான் என்ன சதுரங்கக் காயா
என்று கேட்டான் க்வாபெனா.
ஊனா எதுவும் சொல்லவில்லை.
இரண்டு ஆக்சிஜன் உருளைகளைத்
தூங்கும் இரட்டைப் பிள்ளைகள் போல வண்டியில் கிடத்தித்
தள்ளிக்கொண்டு போனாள்.

டூட்டிங்கில் இரவு ஒன்றே முக்கால்.
ஜன்னலுக்கு வெளியே காலி பஸ் ஒன்று
யாருக்காகவோ கதவைத் திறந்து மூடியது.
பன்னிரண்டு வருஷம் கழுத்தில் தொங்கிய சொல்லை
இன்றுதான் போனில் தேடிப் பார்த்தேன்.

ஒரு சொல் அல்ல, இரண்டு.
லத்தீனில் சுமப்பதற்கு ஒரு வினை.
வாசலுக்கு ஒரு பெயர்.
தனித்தனியே பிரெஞ்சுக்குள் நடந்து,
கடல் தாண்டுகையில் உடை மாறி,
இந்தக் கரையில் இறங்கும்போது
ஒரே எழுத்துக்கூட்டலில் நின்றிருக்கின்றன:
சுமப்பவன், வாயில் காப்பவன்.
குடிவரவு அலுவலர் யாரோ
இருவரையும் ஒரே கோப்பில் போட்டுவிட்ட மாதிரி.

எனக்கு நடந்தது அதன் மறுபுறம்.
சிவநேசராசா அட்டையில் ‘சிவ்’ ஆனான்.
மிச்சப் பெயர் ஹீத்ரோவில்
யாரும் உரிமை கோராத பெட்டியாய்
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது பொருள் ஒரு பியர்.
கறுப்பு. கருக வறுத்த தானியத்தின் கசப்பு.
லண்டன் தெருக்களில் மூட்டை தூக்கியவர்கள்
விரும்பிக் குடித்தார்களாம்;
குடித்தவன் பெயரையே குடிக்கு வைத்துவிட்டார்கள்.
அவர்களில் ஒருவனுடைய சொந்தப் பெயரும்
அந்தப் பக்கத்தில் இல்லை.

வாசல் வேலையும் எனக்கு உண்டு.
பிணவறைக் கதவின் நான்கு இலக்கம்
விரலுக்குத் தெரியும்,
கேட்டால் வாய்க்கு வராது.

பீப்.
பிரசவப் பகுதி. ரத்தம், இரண்டு பை. உடனே.

நிலவறையிலிருந்து ஆறாம் மாடி.
லிஃப்ட் வழக்கம்போல நான்கில் நின்று யோசிக்கிறது.
படியில் ஓடினேன்.
கையில் குளிர்பெட்டி,
பெட்டிக்குள் முகம் தெரியாத இருவர்
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை
பிஸ்கட்டும் தேநீரும் வாங்கிக்கொண்டு
கை நீட்டிக் கொடுத்தது.
எல்லாம் சேர்ந்தும் ஒரு படி அரிசி எடை வராது.

மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியது.
பொறு, என்றேன் நெஞ்சிடம்.
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.
பொறு. தாங்கு. தாமதி. மன்னி.
பொறை என்றால் பாரம், பொறை என்றால் பொறுமை.
பள்ளியில் படித்து மறந்த ஒரு நீளச் சொல்
நான்காம் மாடியில் எதிரே இறங்கி வந்தது:
பொறையுயிர்த்தல்.
சுமை இறக்கி இளைப்பாறுவது.
பிள்ளை பெறுவதும் அதுவே.

ஆறாம் மாடிக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும்.
மணியை அழுத்தினேன்.
யார் என்றது சுவரிலிருந்த குரல்.
அதன் பின்னால் இன்னொரு குரல்,
சொல் இல்லாதது.

நோயாளர் நகர்வு என்று தொடங்கியிருந்தால்
அங்கேயே நின்றிருப்பேன்.
போர்ட்டர், என்றேன்.
கதவு திறந்தது.

ஒரு கை பெட்டியை வாங்கிற்று.
இன்னொரு கை நேரம் எழுதிற்று, இரண்டு ஒன்பது.
திரைக்குக் கீழே பச்சைச் செருப்புகள் ஓடின.
அவ்வளவுதான் பார்த்தேன்.
என்ன ஆயிற்றென்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை,
கேட்கும் வழக்கமும் இல்லை.

வெறுங்கையோடு திரும்பினேன்.
லிஃப்ட் ஆறில் வந்து
கதவைத் திறந்தபடி நின்றது.