இரும்பு நீக்கிய சாறு

குடுவையை அமிலத்தில் ஊறவைத்து
வடிநீரில் ஏழு தடவை அலச வேண்டும்.
நான் எண்ணுவேன். அனிற்றா எண்ணமாட்டாள்.
போன வாரம் அவள் குடுவையில்
கிருமி ஆடை கட்டிச் செழித்திருந்தது.
நஞ்சு மட்டும் இல்லை.

சாற்றில் எல்லாம் சரிதான்:
சிதைத்த பால்புரதம், மால்ட்டோஸ்,
ஊசிமுனை அளவு சிஸ்டீன்.
கூடவே எங்கிருந்தோ கொஞ்சம் இரும்பு.

எங்கிருந்தோ என்ன எங்கிருந்தோ,
மணவாளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வருகிறாள்.
செருப்பின் பள்ளத்தில், கைப்பையின் தையலில்
காந்தம் காட்டினால் சிலிர்த்து நிற்கும்
கறுத்த மண்.

தொண்டை அடைப்பானின் கிருமி அப்படித்தான்.
இரும்பு தாராளமாய் இருந்தால்
தின்னும், பெருகும், சும்மா கிடக்கும்.
குறைந்தால்தான்
நஞ்சின் பூட்டு கழலும்.
வகுப்பில் இதைப் படம் போட்டு நடத்துகிறேன்,
இரண்டு மதிப்பெண் கேள்வி.

ஆவணியில் ஆசாரிப்பள்ளத்திலிருந்து
ஒரு பஞ்சுக்குச்சி வந்தது.
ஆறு வயது. பெயர் ஜெர்வின்.
ஊசி போடவேண்டிய மாதங்களில்
குடும்பம் வள்ளத்தோடு நீண்டகரையில் இருந்திருக்கிறது.
தட்டில் மறுநாள் முளைத்தவை
அனிற்றாவின் செருப்பு மண்ணைப் போலவே
கறுப்பு கறுப்பாய்.

முடிவு வாங்க வந்த அம்மா
கவுன்டரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"பிள்ள நாலு நாளா ஒண்ணும் திங்கேல்ல டீச்சர்.
அந்தக் கிருமிக்கு மட்டும்
தீனி எங்கேருந்து கெடச்சுது?"

நான் டீச்சர்தான். பதில் தெரியும்.
காய்ச்சல் வந்ததும் உடம்பு
இரும்பையெல்லாம் அள்ளி ஒளித்து வைக்கும்,
கிருமியைப் பட்டினி போட.
பட்டினியில்தான் அது
நஞ்சைக் கக்கும்.
இதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?
"டாக்டர் சொல்லுவாரு" என்றேன்.

பதினோராம் நாள் கஞ்சி குடித்தானாம்.
நெஞ்சைத்தான் இன்னும் இரண்டு வாரம்
பார்க்க வேண்டுமாம்.

இப்போது அனிற்றா செருப்பை வெளியே விட்டு
கால் கழுவி வருகிறாள்.
நேற்று அவள் வார்த்த ஜெல்லில்
வெள்ளைக் கோடு, மயிரிழை மாதிரி,
நஞ்சும் முறிநஞ்சும் சந்தித்த இடம்.
வெளிச்சத்தில் தூக்கிக் காட்டும்போது
கை லேசாய் நடுங்கியது.
நகங்கள் வெளுத்திருந்தன.
ரத்தம் எவ்வளவு என்றேன்.
"எட்டு. மாத்திரை தந்திருக்காவ மேடம்,
தின்னா குமட்டுது."

கைப்பையைத் திறந்து காட்டினாள்.
உடைக்காத அட்டை,
அதன் மேல் நாலு மணல்.