நாற்பத்து மூன்றில் ஒன்று

பெட்ரோஷானியில் நவம்பர் பிறந்தால்
நான்கரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
மருந்துக்கடை முடிந்து வந்து
சமையல் மேசையில் செய்தித்தாளை விரிக்கிறேன்.
நடுவில் ஒரு லாரி, ஒரு சாண் நீளம்,
கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு.
சனிக்கிழமைக்குள் இது
பத்தொன்பது வருஷம் ஓடியிருக்க வேண்டும்.

துருவுக்கு ஒரு குப்பி, முப்பது லேய்.
புழுதிக்கு ஒரு குப்பி, முப்பது லேய்.
காய்ந்த சேறு வேறு, ஈரச் சேறு வேறு,
புகைக்குழாய்க் கரி வேறு.
யானை விலை குதிரை விலை சொல்லி
மண்ணை விற்கிறார்கள்.
டிமோஃப்தே தரப்போவது இருநூறு.
லாரிக்கே எழுபது போய்விட்டது.
மின்சாரக் கட்டணச் சீட்டு
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டு
என் கூட்டல் கழித்தலைப் பார்க்கிறது.

பள்ளிக்கூடத்தின் எதிர்க்கடையில்
பாஸ்டல் சுண்ணக்கட்டி, இருபத்து நான்கு நிறம்,
முப்பத்திரண்டு லேய்.
எண்ணெய் கலந்தது பக்கத்திலேயே இருக்கும், மலிவாக;
அதைத் தொடாதே, பொடியாகாது,
வெண்ணெய் மாதிரி அப்பிக்கொள்ளும்.
(போன வருஷம் நான் தொட்டேன்.)
இளஞ்சிவப்பும் ஊதாவும் கிளிப்பச்சையும் எனக்கெதற்கு?
மாடிவீட்டு இலின்காவுக்கு ஆறு லேய்க்குக் கொடுத்தேன்.
ஏழு கேட்டேன். எட்டு வயதுதான், பேரம் தெரிகிறது.

சவர பிளேடால் சுரண்டினேன்.
செங்காவியில் துளி கருப்பு, துளி மஞ்சள்:
சக்கர வளைவின் ஓரத்தில் துரு.
சாம்பல் நிறத்தில் தவிட்டு நிறம்:
புழுதி, வைப்பர் துடைத்த அரைவட்டம் மட்டும் விட்டு.
நல்ல பொடிதான்.
வார்னிஷ் தெளித்ததும் பாதி காணாமல் போயிற்று.
மறுபடி தூவினேன்,
இம்முறை ஸ்பிரிட் தொட்ட தூரிகையால், தெளிக்காமல்.
கண்ணில் மண்ணைத் தூவுகிற தொழில்;
தூவும் மண்ணாவது ஒட்டவேண்டாமா?

வியாழக்கிழமை டிமோஃப்தே வந்தார்,
மருந்துக்கடைக்கே.
இருமல் மருந்து வாங்கிக்கொண்டு
ஒரு தீப்பெட்டியை நகர்த்தினார்.
"சுரங்கச் சாலையில் அள்ளினேன், ஸம்ஃபிரா.
அசல். இதையே பூசு."

இலவசம். அதைவிட மலிவு உண்டா?
இரவு முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன்.
நைலான் காலுறையில் சலித்தேன்,
கடையின் பழைய கல்வத்தில் இடித்தேன்.
லாரி மேல் தூவினால்
மலை சரிந்து விழுந்தது போல் இருக்கிறது.
ஒவ்வொரு துகளும் ஓட்டுநரின் முஷ்டி அளவு;
போதாக்குறைக்கு மினுக்குகிறது,
கல்யாணத்துக்குப் புறப்பட்ட லாரி மாதிரி.
நாற்பத்து மூன்று மடங்கு சிறுக்கச் சொன்னால்
இரும்பு கேட்கிறது, கண்ணாடி கேட்கிறது,
நிலக்கரி கேட்கவில்லை.

பொய்ச் சுண்ணம் உண்மையாக இருக்கிறது.
உண்மை, பொம்மை மாதிரி இருக்கிறது.
அவரிடம் இதை எப்படிச் சொல்வது?
கல்வத்தைக் கழுவப் போனேன்.
விளக்கடியில் சாய்த்தபோது
அடியில் இடிபடாமல் கிடந்த கொஞ்சம்
உருண்டு வந்து ஓரத்தில் நின்றது.
கட்டி கட்டியாக.
முஷ்டி அளவு, தலை அளவு.
ஒரு நிமிடம் சும்மா நின்றேன்.
பிறகு மொத்தத்தையும்
லாரியின் பின்தொட்டியில் கொட்டிவிட்டு,
ஓரங்களில் நீர்த்த பசை விட்டேன்.

சனிக்கிழமை.
கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், போட்டார்.
சுண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
தொட்டியை மூக்கருகே கொண்டுபோய்
வெகுநேரம் பார்த்தார்.
"அதிகம் ஏற்றிவிட்டாய்," என்றார்.
"எட்டு டன்னுக்கு மேல் ஏற்றினால்
பெட்ரிலா வளைவில் பிரேக் பிடிக்காது."

இருநூறோடு இன்னொரு பத்து வைத்தார்.
வாசல்வரை போனவர் திரும்பி வந்து
காலித் தீப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.