காபி ஜாடி

பின்னிரவு மூன்று மணி. தகுவாச்சிங்கா ஆஸ்பத்திரி, நான்காம் மாடி.
பம்பு மட்டும் பேசுகிறது.
நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால்
புட்டியின் அடியில் இரண்டு மில்லி.
அதிலும் ஒரு சொட்டு வழியிலேயே ஒட்டிக்கொண்டது.

எட்வானியா சிரிக்கவில்லை.
தங்கம் நிறுப்பவள்போல் மூச்சை அடக்கி
சிரிஞ்சில் உறிஞ்சினாள், அந்த ஒரு சொட்டையும்.
சீட்டு எழுதி ஒட்டினாள்:
ஜுசிலேனியின் மகள், தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.

மகளுக்குப் பெயரில்லை.
வைத்துவிட்டால்
கூப்பிட வேண்டியிருக்கும்.

ஒரு வேளைக்கு எட்டு மில்லி கேட்கிறது
அவள் மூக்கில் இறங்கும் குழாய்.
என்னிடம் இரண்டு.
மீதி ஆறும் யாரோ ஒருத்தியின் வீட்டுக் குளிர்பெட்டியில் உறைந்து,
தீயணைப்பு வண்டியில் ஏறி,
காபித்தூள் தீர்ந்த கண்ணாடி ஜாடியில் வந்தது.
முதல் நாள் அந்த ஜாடியை வெறுத்தேன்.
கழுத்துவரை பால்.
அவளுக்கு மட்டும் எப்படி இத்தனை?
கம்பெனிப் பெயரை நகத்தால் சுரண்டிய தடம்
கண்ணாடியில் இன்னும் இருந்தது.
அவளும் தூங்காதவள்தான் போல.

பன்னிரண்டாம் நாள்
என் சட்டையின் பொத்தான்களைக் கழற்றி
மார்பின் நடுவே படுக்கவைத்தார்கள்.
அணில் குஞ்சு என்றார் பக்கத்துக் கட்டில்காரி.
இல்லை.
ஓர் ஆள்.
என் விலா எலும்பில் கால் ஊன்றி
இடம் சரிசெய்துகொண்ட ஆள்.
நனைந்துபோனது என் சட்டை, இரண்டு பக்கமும்.

முப்பத்துமூன்றாம் வாரம் வாய் வைத்தாள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதில் மூச்சுவிட மறந்தாள்.
மானிட்டர் கத்தியது. எட்வானியா பாதத்தைச் சுண்டினாள்.
ஓ, அதுவும் உண்டல்லவா என்பதுபோல்
நெற்றி சுருங்கி, மூச்சு வந்தது.
உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், மூச்சும் விட வேண்டும்.
இந்த மூன்று மாதத்தில்
எனக்கே அது ஒழுங்காக வரவில்லை, கண்ணே.

அன்று மாலை எவுலாலியா என்று எழுதிக் கொடுத்தேன்.
எடைக்கு மிஞ்சிய நீளம்தான்.
வளரட்டும்.

இப்போது வீட்டில், வியாழக்கிழமை தோறும்
எங்கள் தெருவில் சிவப்பு வண்டி நிற்கிறது.
சைரன் இல்லை.
சார்ஜென்ட் வாண்டெர்லேய் செருப்பைக் கழற்றாமல்
வாசலிலேயே நின்று
மூன்று ஜாடிகளை வாங்கிக்கொள்கிறார்,
மூடியை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்து.

முதல் வாரம் எதிர்வீட்டு சுல்மீரா
வாளி நிறையத் தண்ணீரோடு ஓடிவந்துவிட்டாள்.
எங்கே தீ, எங்கே தீ என்று
என் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தபடி.
பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.
உள்ளே எவுலாலியா அழுதாள்.
போட்டது போட்டபடி ஓடினேன்.