மூச்சுக்கு ஒரே கட்டம்

சீத்தா கேம்ப், எஃப் செக்டார்.
தண்ணீர் வந்து நின்ற பிறகுதான் பேசுவாள் என்று
கீழ்வீட்டில் சொன்னார்கள். காத்திருந்தேன்.
பிறகு இரும்பு ஏணி, மேலே ஒற்றை அறை.

இறந்தவர் முகைதீன் பிச்சை.
வயது நாற்பத்து மூன்று.
முப்பதுக்கு மேல், எழுபதுக்குக் கீழ்,
எங்கள் கணக்கில் விழும் வயது.
விழும் என்றுதான் அலுவலகத்தில் சொல்வோம்.

சபுரா சான்றிதழை உறையோடு நீட்டினாள்.
காரணம்: இதயம் நின்றது.
எல்லோருக்கும் நிற்பதுதான்.
அது காரணமல்ல என்று பயிற்சியின் முதல் நாளே
சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

படிவம் இந்தியில். வாய்க்குள் தமிழாக்கிக் கேட்டேன்:
மூச்சுத் திணறல் இருந்ததா?

நிமிர்ந்து பார்த்தாள்.
"எந்த மூச்சு?
ஏணி ஏறுனா எரைக்கும், அது மூணு வருஷமா.
படுத்தா முட்டும், எந்திரிச்சு உக்காந்துக்குவாரு,
அது பக்ரீதுக்குப் பொறவு.
கடைசி வாரம் சும்மா இருக்கும்போதே வாங்குச்சு.
கடைசி ராத்திரி இழுத்துச்சு.
இதுல எதக் கேக்குறீங்க?"

கட்டம் ஒன்றுதான்.
டிக் அடித்தேன்.

வேலை?
தேவ்னாரில் பழைய பேட்டரி உடைப்பது.
பீடி?
கட்டுக் கணக்கு. எத்தனை கட்டு என்றால்,
எண்ணுகிறவர் போய்விட்டார்.
சர்க்கரை?
யாரும் பார்க்கவில்லை.
ரத்த அழுத்தம்?
பார்த்தார்கள். மாத்திரை தந்தார்கள்.
நிறுத்திவிட்டாரா?
"நிறுத்தல. மாசம் முடியுமுன்ன மாத்திரை முடிஞ்சுது."

இதற்குக் கட்டமே இல்லை.

கடைசிப் பக்கத்தில் வெறும் கோடுகள், பதினான்கு.
சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டிய இடம்.
தமிழிலேயே எழுதினேன்.
படிக்கத் தெரிந்த இரண்டு டாக்டர்களை
அவர்கள் தேடிப் பிடிக்கட்டும்.
ஒருவர் இதயம் என்பார், ஒருவர் நுரையீரல் என்பார்,
ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது டாக்டர்.
வருஷக் கடைசியில்
திரையில் ஒரு கோடு இறங்கும், காசநோய்;
ஒரு கோடு ஏறும், நெஞ்சு.
முகைதீன் பிச்சை
ஏதோ ஒன்றில் ஒரு புள்ளி அளவுகூட இருக்கமாட்டார்.

"அவருக்கு என்னன்னு எனக்குச் சொல்லுவாங்களா?"

சொல்வதில்லை என்பது விதி.
அதை நான் சொன்ன விதம்
இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி, எழுதுனத வாசிங்க."

வாசித்தேன். இரைத்தது, முட்டியது, வாங்கியது.
கடைசி ராத்திரி இழுத்தது.

"ராத்திரி முழுக்க" என்றாள்.

பதினான்கு கோடும் தீர்ந்திருந்தது.
ஓரத்தில், நெருக்கி,
முழுக்க.