தலைக்கு இவ்வளவு

நூற்றுத் தொண்ணூறு இரவு.
கணக்கு நான் வைத்ததல்ல. விளையாட்டே வைத்திருக்கிறது,
என் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில்.
சீசனுக்கு முன்பு வீட்டுக் கட்டிலில்,
சீசன் வந்ததும் காவேரிப்பட்டணம் சாலை மாம்பழக் கூழ் ஆலையில்
பதினோரு மணி டீக்கு விடும் இருபது நிமிடம்.
பெங்களூராக் காயின் பால் பட்டுக் கறுத்த விரலைத்
தொடுதிரைக்கு அடையாளம் தெரியாது.
துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து
ஏழாங்கோட்டைச் சுவரை ஏறிக்கொண்டிருந்தேன்.

மர வாள், செம்பு வாள், அப்புறம் இரும்பு.
பொற்கவசத்துக்கு இன்னும் நாற்பது இரவு பாக்கி.

அன்றைக்குத்தான் முனிரத்தினம் மேஸ்திரி
தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.
"இதுல என்னம்மா கெடைக்கும்?"
கவசம் என்றேன்.
"காசு குடுத்தா?"
இல்ல, ஏறணும். இல்லாட்டி பத்துப் பேரைச் சேர்த்துவிடணும்.
"பத்தே பேரா?"
சிரித்தார்.
ஊத்தங்கரையிலும் பர்கூரிலும் ஆள் பிடித்து
அறுபது பேரை வேனில் ஏற்றி வருகிறவர்.
தலைக்கு இருபது ரூபாய் ஆலை அவருக்குத் தருகிறது,
எங்கள் கூலிச்சீட்டில் காட்டாத இருபது.

மறுநாள் ஷிப்ட் ஏறும் முன்பே ஷெட்டில் வரிசை.
சென்னம்மா அக்காவின் பட்டன் போன் மட்டும் தப்பித்தது.
கொட்டை எடுப்பவர்கள், டின் அடுக்குபவர்கள், பாய்லர் திம்மராயன்,
எல்லார் போனிலும் மேஸ்திரியின் கோடு.
எல்லாருக்கும் ஐம்பது நாணயம் விழுந்தது.
அதை வைத்து என்ன செய்வதென்று யாரும் கேட்கவில்லை.
விடிவதற்குள் பாதிப் பேர் அழித்துவிட்டார்கள்.
போனில் இடமில்லை, பிள்ளைகளின் போட்டோ.

அன்றிரவு கோட்டை வாசலில்
தகதகவென்று ஒருவர் நிற்கிறார்.
நடக்கத் தெரியவில்லை.
சுவரைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே குதிக்கிறார்.
அம்பு பட்டுத் தெறிக்கிறது, அவருக்கு ஒன்றுமில்லை.
எங்கள் அணியில் போட்டிருந்தார்கள்,
காவலுக்கு நான் நிற்க வேண்டியதாயிற்று.
மூன்று முறை செத்தேன்.

இது நியாயமா என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.
ஆள் வந்தால்தானே ஆட்டம் என்பார்கள். உண்மைதான்,
இரவு இரண்டு மணிக்கு எதிரணியில் ஒருத்தரும் இல்லாமல்
வெறுங்கோட்டையைப் பார்த்துக் காத்திருந்தவள் நான்.
கூட்டி வருவதும் வேலை என்றே வைத்துக்கொள்வோம்.
அதற்கு ஒரு கொடி கொடு.
பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூ கொடு.
சண்டைக்குள்ளே கவசமாக ஏன் கொடுக்கிறாய்,
அதில் பட்டுத் தெறிக்கும் அம்பு
பக்கத்தில் நிற்பவள் மேல்தானே விழும்.

இவ்வளவும் எழுதிவிட்டு
இரும்பு வாளைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.
அது ஏறி வாங்கியது அல்ல.
மூன்று தலை.
ஒன்று அக்கா வீட்டுக்காரரின் பழைய போன்.
ஒன்று அம்மா, தூங்கும்போது அவள் கட்டைவிரலை வைத்து.
மூன்றாவது பழையபேட்டை ஷபானா,
பன்னிரண்டாம் வகுப்பில் என் பெஞ்சு.
"வா, சேர்ந்து விளையாடலாம்" என்று செய்தி போனது.
அந்த வாக்கியமும் விளையாட்டு எழுதித் தந்ததுதான்,
அமுக்கியது மட்டும் நான்.

அவள் நிஜமாகவே வந்துவிட்டாள்.
இன்னும் வருகிறாள். முதல் வாசலில், மர வாளோடு,
தலைக்கு மேலே பச்சைப் புள்ளி.
"எப்போ வர்றே?" என்று கேட்டது மார்ச்சில்.
வாள் அதற்கு முந்தைய நாளே வந்துவிட்டிருந்தது.

மேஸ்திரியாவது விடிந்ததும்
எல்லாரையும் வேனில் கொண்டுபோய் விடுகிறார்.

இன்றைக்கு டீ ஆறிக்கொண்டிருக்கிறது.
முதல் வாசலுக்கு இறங்கிப் போக
வழி எங்கே என்று வரைபடத்தில் தேடுகிறேன்.
ஏறும் அம்புக்குறிகள்தான் இருக்கின்றன.
பதினான்கு நிமிடம் மிச்சம்.