எட்டுச் சவரன்

பாட்டுக்கு எடை உண்டா என்று என்னைக் கேளுங்கள்.
அவள் மேடையில் பாடப் பாட
கீழே மேசை போட்டுத் தராசு பிடித்தவன் நான்.
சிராங்கூன் ரோட்டுப் பட்டறையில்
குண்டுமணி வைத்து நிறுத்துப் பழகிய கை.

புதுவயல் பாலாம்பிகை.
கப்பல் நின்றுபோய், நாடகக் கம்பெனி கலைந்து,
சீன் துணிகளோடு இங்கேயே மாட்டிக்கொண்டவள்.
துறைமுகத்துக் கூலியாட்கள்
ஒருநாள் சம்பளத்தை டிக்கெட்டாக்கிக்கொண்டு
முன்பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

நாற்பதாம் வருஷம் வெள்ளைக்காரனுக்குப் பாடினாள்.
ஹேப்பி வோர்ல்ட் கொட்டகை. ஆகாய விமான நிதி.
மோகனத்தில் பல்லவி: "ராஜா" என்று எடுப்பாள்.
துரைசானிகள் கையுறையைக் கழற்றாமல் தட்டினார்கள்.
சத்தமே வரவில்லை.

நாற்பத்துமூன்றில் இந்தியாவுக்குப் பாடினாள்.
அதற்குள் இந்த ஊருக்கு வேறு பெயர்.
கடிகாரமும் தோக்கியோ நேரம்.
மோகனம் மட்டும் மாறவில்லை.
"ராஜா" இருந்த இடத்தில் "தாயே" வந்து உட்கார்ந்தாள்,
நெட்டெழுத்து இரண்டுக்கு நெட்டெழுத்து இரண்டு,
மிருதங்கத்துக்கு ஒரு வேலையும் வைக்காமல்.
தராசுக்குப் பின்னால் நான் சிரித்தேன்.

அப்புறம் சிரிக்கவில்லை.
மரவள்ளிக் கிழங்கு தின்று வற்றிய முகங்கள்
வரிசையில் நின்று தோட்டைத் திருகின.
திருகு மரை கழலாத ஒருத்தி
இழுத்தே எடுத்துவிட்டாள்.
அதை ஈரத்தோடு நிறுத்தேன்.
அரைச் சவரன், ஒரு மஞ்சாடி குறைவு.

நீசூன் தோட்டத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள் பொட்டியம்மா.
அவளிடம் தங்கம் இல்லை. மேடைக்குப் பின்னால் போய்,
"எங்க வீட்டுக்காரர சயாம் ரயிலுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க.
பதினோரு மாசம். தகவல் இல்ல.
ஒங்க குரல் ரேடியோவுல எல்லா ஊருக்கும் போகுதாமே.
பேர மட்டும் சொல்லுங்க தாயி, அங்கமுத்து."

பாலாம்பிகை பவுடர் பூசிக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு ஃபேரர் பார்க்.
முன்னால் நாற்காலிகளில் ஜப்பான் அதிகாரிகள்,
முழங்கால் மேல் வாள்.
இரண்டு முறை "தாயே" என்று எடுத்தாள்.
மூன்றாம் முறை, அதே இடத்தில்,
"அங்கமுத்து" என்றாள்.

உட்காரவில்லை அந்தப் பெயர்.
மாத்திரை கூடிப்போய்த் தாளத்துக்கு வெளியே வழிந்தது.
மிருதங்கக்காரர் தடுமாறி, நின்று,
அவள் முகத்தைப் பார்த்து, மறுபடி பிடித்தார்.
அவள் விடவில்லை. அங்கமுத்து. அங்கமுத்து.
இடித்துக்கொண்டு, பிதுங்கிக்கொண்டு,
சரணம் முழுக்க அந்த ஒரு ஆள்.
அதிகாரிகள் கைதட்டினார்கள்.
வீரன் ஒருவனின் பெயர் என்று யாரோ மொழிபெயர்த்தாராம்.
கூட்டத்தில் முதலில் ஒரு பெண் தன் மகன் பெயரைச் சொன்னாள்.
பிறகு யார் யாரோ, எந்தெந்தப் பெயரோ,
நான் படிக்கல்லைக் கீழே வைத்துவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் இறங்கி வந்து
கழுத்து அட்டிகையைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.
தொட்டதுமே தெரிந்தது: நாடகப் பித்தளை.
பச்சைக் கல் கண்ணாடி.
அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?
என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
வரிசையும் பார்த்துக்கொண்டு நின்றது.
"எட்டுச் சவரன்" என்று உரக்கச் சொன்னேன்.
ரசீதும் எழுதினேன்.

நாற்பத்தைந்து கடைசியில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான்.
வாழைமர நோட்டு சாக்கடையில் மிதந்தது.
கணக்குப் புத்தகத்தை விரித்து ஒரு கேப்டன் கேட்டான்:
எட்டுச் சவரன் குறைகிறதே, எங்கே?
அந்தப் பெண்பிள்ளை அப்படி என்ன பாடினாள்?

எனக்குப் பாட வராது. முனகிக் காட்டினேன்.
அவன் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தான்.
"இது நம் விமான நிதிப் பாட்டல்லவா?
நான் முன்வரிசையில் இருந்தேன்.
நல்ல விசுவாசமான பாட்டு."

என்னைப் போகச் சொல்லிவிட்டான்.

பித்தளை உருக்குச் சட்டியிலிருந்து தப்பி
என்னிடமே திரும்பி வந்தது.
மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
எட்டு பாக்கி என் பேரில்தான்.
பொட்டியம்மா இன்னும் மாதம் ஒருமுறை
கடை வாசலில் வந்து நிற்கிறாள்,
ரேடியோ கேட்டவர்கள் யாராவது
சயாமிலிருந்து வந்தார்களா என்று.